தேங்க்ஸ்கிவிங் பாட்லக்: பாதி நம்ம ஊர், பாதி இந்த ஊராக என்ன கொண்டு போகலாம்?

பனிக்காட்டுக்குப் புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். மினியாபோலிஸ் வந்து இதுதான் எனக்கு முதல் தேங்க்ஸ்கிவிங். விடுமுறைக்கு முந்தைய செவ்வாய் மதியம் எங்கள் டீமில் பாட்லக், அதாவது ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டு வரும் விருந்து, வைத்திருக்கிறார்கள். சுமார் 25 பேர். யார் எதைக் கொண்டு வருவது என்று ஒரு ஷீட் சுற்றுகிறது. டேட்டர் டாட் ஹாட்டிஷ் (மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கி ஓவனில் சுடுவது), மேக் அண்ட் சீஸ், கிரீன் பீன் கேசரோல், பூசணிப் பை என்கிற இனிப்பு என்று முக்கியமானதெல்லாம் போய்விட்டது. என் பெயருக்கு நேரே மேனேஜரே "ஏதாவது ஜாலியாக!" என்று எழுதி வைத்துவிட்டார். "சமோசா கொண்டு வருவாயா?" என்று வேறு கேட்கிறார்கள். ஈரோட்டில் சமோசாவை டீக்கடையில் வாங்கித் தின்றிருக்கிறேனே தவிர, மடித்துப் பழக்கமில்லை.

இந்தப் பண்டிகையின் சாமானை வைத்தே நம்ம ஊர் பலகாரம் ஒன்று செய்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. நான் சைவம். டீமில் ஒருவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. ஆபீஸில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோவேவ். நான் லைட் ரெயிலில் போய், அங்கிருந்து ஸ்கைவே (கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாலம்) வழியாக நடக்க வேண்டும். தளும்புகிற எதுவும் வேண்டாம். காரம் கொஞ்சமாக இருந்தால் போதும்.

இங்கே கிடைக்கிற புளிப்பான சிவப்புப் பழம் கிரான்பெர்ரியில் ரசம் வைத்துச் சின்னச் சின்னப் பேப்பர் கப்பில் கொடுக்கலாமா என்று ஒரு யோசனை. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

எடிசன் எலுமிச்சை:

எதற்கம்மா இந்த வேலை? ஒரு டிரே எலுமிச்சை சாதம் கிண்டி, மேலே வேர்க்கடலை தூவிக்கொண்டு போங்கள். கோதுமை இல்லை, ஆறினாலும் நன்றாக இருக்கும், தளும்பாது. (வேர்க்கடலை யாருக்காவது அலர்ஜியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.) நியூ ஜெர்சியில் நான் பார்த்த பாட்லக் மேசைகளில், ஃப்யூஷன் என்று பேர் வைத்ததை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்வார்கள், அதோடு சரி. சாதம்தான் காலியாகும். பாஸ்தாவில் சாம்பார் பொடி, பீட்சாவில் பன்னீர் பட்டர் மசாலா, இதெல்லாம் இரண்டு சமையலுக்கும் செய்கிற அநியாயம்.

ரசம் யோசனை மோசமில்லை. ஆனால் பேப்பர் கப்பில் ரசத்தோடு ரெயில் ஏறுவதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

கல்லிடைக்காரன்:

எடிசன் சாரோடு பாதி ஒத்துப்போகிறேன். மசாலா தூவினால் ஃப்யூஷன் ஆகிவிடாது. ஆனால் அந்தக் கிரீன் பீன் கேசரோலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1955-ல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சோதனை சமையலறையில் டார்கஸ் ரைலி என்ற அம்மையார் உருவாக்கியது. எடிசன் சாருடைய நியூ ஜெர்சியிலேயே, கேம்டன் ஊரில். அதில் என்ன இருக்கிறது? வெந்த பீன்ஸ், அதைச் சுற்றி வெள்ளையாகக் குழைவாக ஒன்று, மேலே மொறுமொறுவென்று ஒன்று. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் பீன்ஸ் பருப்புசிலியும் மோர்க்குழம்பும்! ஒரே தட்டில் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

அதனால் என் யோசனை: காளான் சூப் டப்பாவுக்குப் பதில் கெட்டியான மோர்க்குழம்பு, வறுத்த வெங்காயத்துக்குப் பதில் உசிலி. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சம அளவு, மிளகாய் வற்றலோடு ஊறவைத்து, கொரகொரவென்று அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, நல்லெண்ணெயில் மொறுமொறுப்பாகும் வரை வதக்குங்கள். பீன்ஸையும் மோர்க்குழம்பையும் கண்ணாடி டிரேயில் பரப்பி, உசிலியைத் தனி டப்பாவில் எடுத்துப் போய்ப் பரிமாறும்போது மேலே தூவ வேண்டும். டப்பா சூப்பிலும் கடையில் வாங்கும் வறுத்த வெங்காயத்திலும் கோதுமை மாவு இருக்கும். இதில் அந்தப் பிரச்சினை இல்லை.

செயின்ட் பால் ஆச்சி:

கல்லிடைத் தம்பி, யோசனை பிரமாதம். வீட்டுக்கு யாராவது வந்தால் நானே செய்வேன். ஆனால் ஆபீஸ் மைக்ரோவேவில் ஒருவர் மூன்று நிமிடம் வைத்துவிட்டுப் போனார் என்றால் மோர் திரிந்துவிடும். கேசரோல் கொண்டு வருவதாக ஏற்கெனவே ஒருவர் பேர் கொடுத்தும் இருக்கிறார். அவர் டிரேக்குப் பக்கத்தில் இதை வைத்தால் போட்டிக்கு வந்த மாதிரி ஆகிவிடும். புதிதாக வந்த பிள்ளைக்கு அது வேண்டாமே.

ஈரோட்டுப் பெண்ணே, நீ இருப்பது மினசோட்டா. அதுதான் உனக்குப் பெரிய வசதி. நான் காரைக்குடிப் பக்கத்துக்காரி. இங்கே வந்த புதிதில், பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் இரும்புப் பணியாரக்கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஏழு குழி, நல்ல கனம், கைப்பிடி மட்டும் நீளம். டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் ஏப்ள்ஸ்கீவர் சுடுகிற கல் அது. மைதா, முட்டை, மோர் கலந்த மாவை ஊற்றி உருண்டையாகச் சுட்டு, ஜாமும் பொடித்த சர்க்கரையும் தொட்டுச் சாப்பிடுவார்கள். நாம் குச்சியால் திருப்புகிறோம், அந்தக் காலத்தில் அவர்கள் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியால் திருப்பியிருக்கிறார்கள். நடுவில் ஓட்டையுள்ள பண்ட் கேக் அச்சுக்குப் பேர்போன நார்டிக் வேர் இந்த ஊர்க் கம்பெனிதான், அவர்களும் இந்தக் கல்லைச் செய்து விற்கிறார்கள். உன் டீமில் யாராவது ஒருவரின் பாட்டி வீட்டில் கட்டாயம் ஒன்று இருந்திருக்கும். பணியாரத்தைப் பார்த்ததும் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள், நீ விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஆகவே: கார்ன்பிரெட் (மக்காச்சோள ரொட்டி) மாவில் குழிப்பணியாரம், நடுவில் கிரான்பெர்ரித் தொக்கு.

எடிசன் தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு சாமானை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும்போது, போனது என்ன வேலை செய்ததோ அதையே வந்ததும் செய்ய வேண்டும். கிரான்பெர்ரிக்கு வேலை புளிப்பு. மாங்காயும் புளியும் நம்மிடம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அதனால் தொக்குக்கு அது அப்படியே பொருந்தும். மக்காச்சோள மாவு அரிசியின் இடத்தில் பாதிக்கு மட்டும் வரலாம். முழுவதும் போட்டால் பணியாரம் உதிரும். கரம் மசாலா எங்கேயும் வேண்டாம். சீஸும் வேண்டாம்.

தொக்கை முதலில், ஞாயிற்றுக்கிழமையே செய்து வைத்துவிடு. கிரான்பெர்ரி 12 அவுன்ஸ் பாக்கெட் ஒன்று, அதாவது 340 கிராம். பக்கத்து விஸ்கான்சினில்தான் இந்த நாட்டுக் கிரான்பெர்ரியில் பாதிக்கு மேல் விளைகிறது, இந்த மாதம் எந்தக் கடையிலும் கிடைக்கும். கால் கப் நல்லெண்ணெயைச் சூடாக்கி ஒரு டீஸ்பூன் கடுகு. வெடித்ததும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், கழுவித் துடைத்த பழம், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. உடனே மூடு. ஒவ்வொரு பழத்துக்குள்ளும் காற்று அடைத்திருக்கிறது, அதனால்தான் அறுவடையில் தண்ணீரைக் கட்டி மிதக்கவிட்டு அள்ளுகிறார்கள். சட்டியில் அது பட்பட்டென்று வெடிக்கும், மூடாவிட்டால் அடுப்பெல்லாம் சிவப்பாகிவிடும். சத்தம் அடங்கியதும் கரண்டியால் மசித்து, மூன்று டேபிள்ஸ்பூன் பொடித்த வெல்லம், ஒரு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள் சேர்த்துக் கிளறு. இந்தக் கட்டத்தில் பாதியை எடுத்து வைத்துவிடு, பணியாரத்துக்குள் வைக்க இதுதான். மிச்சப் பாதியில் இன்னும் ஒரு டீஸ்பூன் நல்ல காரமான மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் வறுத்துப் பொடித்த வெந்தயம் போட்டு, எண்ணெய் ஓரத்தில் கசியும் வரை வதக்கு. அது உனக்கும் எனக்கும்.

ஒன்று கவனி. மாங்காய்த் தொக்கைச் சுருளச் சுருளக் கிளறுவோமே, இதில் அந்தப் பழக்கம் ஆகாது. கிரான்பெர்ரியில் பெக்டின் அதிகம். ஆற ஆற அதுவே இறுகும். கரண்டியிலிருந்து மெதுவாக வழியும்போதே அடுப்பை அணைத்துவிடு.

மாவுக்கு: நன்றாகப் புளித்த இட்லி மாவு இரண்டு கப், நைசான மஞ்சள் மக்காச்சோள மாவு ஒரு கப். சோளமாவைத் தனியாக முக்கால் கப் மோரில் அரை மணி நேரம் ஊறவை. ஊறாத சோளமாவு பல்லில் மணல் மாதிரி நெருடும். பெட்டியில் வருகிற கார்ன்பிரெட் மிக்ஸ் வாங்காதே, ஜிஃபி போன்றவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். வெறும் சோளமாவாக, கோதுமை கலக்காதது என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கு. இரண்டையும் கலந்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், இஞ்சி, ஒரு கைப்பிடி சோள முத்து, உப்பு. கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டு. பச்சைமிளகாயை விதை எடுத்துப் போடு. கறிவேப்பிலையை முழுசாகப் போடாதே. ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, மரியாதைக்காக மென்று கொண்டிருப்பார்கள், பார்க்கப் பாவமாக இருக்கும். பொடியாக அரிந்து போடு.

குழிக்கு எண்ணெய் விட்டு, பாதி அளவு மாவு, நடுவில் அரை டீஸ்பூன் தொக்கு, மேலே மாவு. தொக்கு குழியின் ஓரத்தைத் தொடவே கூடாது. வெல்லம் இரும்பில் பட்டால் கருகிப் பிடித்துக்கொள்ளும், அடுத்த ஈடு எடுக்க வராது. அடுப்பு நிதானமாக எரியட்டும், மூடி போட்டு வேகவிட்டுத் திருப்பு.

கடைசியாக ஒரு விளையாட்டு. வான்கோழிக்குள் வைக்கிற ஸ்டஃபிங்கின் வாசனை பெரும்பாலும் சேஜ் என்ற மூலிகை இலைதான். நெய்யில் நாலைந்து சேஜ் இலையை மொறுமொறுவென்று பொரித்து, நொறுக்கி, அந்த நெய்யோடு சுட்ட பணியாரத்தின் மேல் தடவு. கறிவேப்பிலைத் தாளிப்பு மாதிரியே சடசடக்கும். நாலைந்துதான், அதற்கு மேல் போட்டால் மருந்து வாடை வந்துவிடும்.

எடிசன் எலுமிச்சை:

ஆச்சி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்காச்சோளமும் கிரான்பெர்ரியும் போட்ட பிறகு அதில் நம்ம ஊர் என்று என்ன மிச்சம்?

செயின்ட் பால் ஆச்சி:

உங்கள் எலுமிச்சை சாதத்தில் கிள்ளிப் போடுகிற மிளகாய் வற்றலும், மேலே தூவுகிற வேர்க்கடலையும் எந்த ஊர், தம்பி? இரண்டும், போர்ச்சுக்கீசியர்கள் நம்ம ஊருக்கு வந்த காலத்துக்குப் பிறகு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்தவை. நாலைந்து நூறு வருஷம் பழகிவிட்டோம். கிரான்பெர்ரிக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

பனிக்காட்டுக்குப் புதுசு:

ஆச்சி, படிக்கும்போதே பசிக்கிறது. சில சந்தேகங்கள். இந்தக் குளிரில் மாவு புளிப்பதே இல்லை, என்ன செய்வது? பெருங்காயம் எங்கேயும் சொல்லவில்லையே? காலையில் சுட்டால் மதியம் வரை மெத்தென்று இருக்குமா? மேசையில் சீட்டு வைப்பார்கள், அதில் என்ன எழுத வேண்டும்?

செயின்ட் பால் ஆச்சி:

மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடு. ஓவனைச் சூடாக்காதே. இரவு முழுக்க வை. ஓவன் கதவில் "உள்ளே மாவு" என்று ஒரு காகிதம் ஒட்டு, எங்கள் வீட்டில் அது ஒட்டாமல் நான் தூங்கப் போவதில்லை.

பெருங்காயத்தை வேண்டுமென்றேதான் விட்டேன். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவுதான் சேர்த்திருப்பார்கள். அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தச் சிட்டிகையும் ஆகாது. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பார்த்து வாங்கினால் தொக்கில் தாராளமாகப் போடலாம். கல்லையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு ஆரம்பி.

மெத்தென்று இருக்க, ஒரு சின்னக் கப் வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணியை மாவில் சேர். இனிப்புச் சேர்க்காத டப்பா பூசணிக்கூழ் போதும், ஆனால் பை மிக்ஸ் என்று போட்டிருப்பதை எடுத்துவிடாதே, அதில் சர்க்கரையும் பட்டைத்தூளும் இருக்கும். சுட்டதை முழுக்க ஆறவைத்த பிறகு துணி விரித்த டப்பாவில் அடுக்கு. சூட்டோடு மூடினால் வேர்த்துச் சொதசொதக்கும். அங்கே போய் ஈரப் பேப்பர் டவல் போர்த்தி மைக்ரோவேவில் அரை நிமிடம். யாராவது அன்போடு ஸ்லோ குக்கர் கொடுத்தாலும் வாங்காதே. மோர் சேர்ந்த மாவு என்பதால் வெளியே எடுத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் கிடக்க விடாதே. அதுவரை ஆபீஸ் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

சீட்டில் கதை எழுதாதே. கார்ன்பிரெட் பணியாரம், உள்ளே கிரான்பெர்ரி. சைவம், கோதுமை இல்லை, பாலும் நெய்யும் உண்டு, கடுகு உண்டு, கொஞ்சம் காரம். போதும்.

ஸ்கார்பரோ வாசி:

நல்ல திரி. கனடாவில எங்களுக்கு ஒக்டோபர் இரண்டாவது திங்களோடை தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சுது, ஆனாலும் எழுதாமல் இருக்க ஏலாது. தங்கச்சி சைவம் எண்டதால் இது மற்றவைக்கு. பண்டிகை முடிஞ்ச அடுத்த நாள் மிஞ்சின வான்கோழி இறைச்சியை உதிர்த்து, உருளைக்கிழங்கோடையும் யாழ்ப்பாணத்துக் கறித்தூளோடையும் பிரட்டி ரோல்ஸ் செய்து பாருங்கோ. நெஞ்சு இறைச்சி வறண்டு போகும், கால் இறைச்சிதான் திறம். மிஞ்சின மசித்த கிழங்கையே போடலாம், ஆனால் அதுக்குள்ள பாலும் பட்டரும் இருக்கிறதால் பிரட்டல் இளகிப்போகும், கொஞ்சம் கூட நேரம் அடுப்பில வைச்சு இறுக்குங்கோ. ஆச்சியின்ரை தொக்கு அதுக்கு நல்ல தொடுகறியாயிருக்கும் எண்டு நினைக்கிறன். எங்கடை வீட்டில இதுக்காகவே பெரிய வான்கோழியாப் பார்த்து வாங்கிறது.

கல்லிடைக்காரன்:

மோர் திரியும் என்றீர்களே ஆச்சி, ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் தேங்காயோடு அரைத்து விட்டால் அவ்வளவு சீக்கிரம் திரியாது. ஆனால் மூன்று நிமிட மைக்ரோவேவுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பீன்ஸ் உசிலியை வியாழக்கிழமை வீட்டில் செய்துகொள்கிறேன்.

பனிக்காட்டுக்குப் புதுசு:

நேற்று பாட்லக் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி, ஆச்சிக்கு ஸ்பெஷலாக.

ஆச்சி சொன்ன மாதிரியேதான் நடந்தது. டப்பாவைத் திறந்ததும் பக்கத்து டீமில் இருக்கும் ஒரு பெரியவர், ரிட்டயர் ஆகப் போகிறவர், ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைச் சுட உனக்குக் கல் எங்கே கிடைத்தது?" என்பதுதான் முதல் கேள்வி. அவருடைய அம்மா கிறிஸ்துமஸ் காலையில் மட்டும் ஏப்ள்ஸ்கீவர் சுடுவாராம். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்களாம், முதல் ஈடு எப்போதும் சரியாக வராது என்பதால் அது அப்பாவுக்குப் போகுமாம். எங்கள் வீட்டிலும் முதல் ஈடு யாருக்கும் கிடையாது, அம்மா நின்றபடியே தின்றுவிடுவார் என்றேன். அப்புறம் ஹாட்டிஷ் தட்டோடு நின்றவர்கள் எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். சமோசா என்ற பேச்சே வரவில்லை.

கோதுமை ஒத்துக்கொள்ளாத தோழி சீட்டைப் படித்துவிட்டு, நான் என்ன பெருங்காயம் போட்டேன் என்று கேட்டாள்! இந்திய உணவகங்களில் அவளே விசாரித்து விசாரித்துப் பழகியிருக்கிறாள். போடவே இல்லை என்றதும் தட்டை நிரப்பிக்கொண்டாள்.

காரத் தொக்கையும் ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு போயிருந்தேன், எனக்கென்று. மேனேஜர் அதை மேக் அண்ட் சீஸ் மேல் போட்டுக்கொண்டார். எடிசன் சார், மன்னித்துவிடுங்கள், அது நன்றாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கும் இதையே கேட்கிறார்கள். அந்தச் சமயத்தில் கிரான்பெர்ரி கிடைக்குமா?

எடிசன் எலுமிச்சை:

மேக் அண்ட் சீஸ் மேல் தொக்கா! சரி, தயிர் சாதத்துக்கு ஆகுமா என்று மட்டும் சொல்லுங்கள். இங்கேயும் ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன்.

செயின்ட் பால் ஆச்சி:

தயிர் சாதத்துக்குத்தான் அது முதலில் ஆகும், தம்பி. வெந்தயத்தை மறக்காதீர்கள்.

பெண்ணே, இந்த வாரம் முடிந்ததும் பல கடைகளில் விலையைக் குறைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று பையாக வாங்கி, நசுங்கியதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கழுவாமல் அப்படியே ஃப்ரீசரில் போடு. மாதக்கணக்கில் கெடாது. உருகவிடவும் தேவையில்லை, எடுத்த கையோடு கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு எண்ணெயில் போடலாம். ஈரம் இருந்தால் தெறிக்கும், மூடியைக் கையிலேயே வைத்துக்கொள்.